பெங்களூர் "செத்த நிலம்" தானா? நிலத்தைச் செதுக்கும் சக்திகளுக்கு நம் ஊர்ப் பக்கத்து உதாரணங்கள் வேண்டும்

ஜெயநகர்_சுமதி (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. பூமியின் மேற்பரப்பை மாற்றும் இயற்கைச் சக்திகள் பற்றிப் பள்ளியில் பிராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். ஆறு, காற்று, பனியாறு, கடல் அலை, நிலநடுக்கம், எரிமலை என்று பாடத்தில் வரிசையாக இருக்கிறது. உதாரணம் எல்லாம் சகாரா, ஆல்ப்ஸ், ஹவாய். "நாம போய்ப் பார்க்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லையாம்மா?" என்று கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் பெங்களூரில் கடல் கிடையாது, பெரிய ஆறு கிடையாது, எரிமலை கிடையாது.

அலுவலகத்தில் கேட்டால் ஒருவர், "இந்தப் பீடபூமி செத்த நிலம் மேடம், கோடிக்கணக்கான வருஷமா இங்க ஒண்ணுமே நடக்கலை" என்று முடித்துவிட்டார்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. லால்பாக் பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு என்கிறார்கள். அத்தனை காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்தும் அந்தக் குன்று ஏன் கரைந்து போகவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐடி_அகதி

பெங்களூரில் நிலத்தை மாற்றும் சக்தி ஒன்றே ஒன்றுதான் அக்கா. மஞ்சள் நிறத்தில் இருக்கும், முன்னால் வாளி இருக்கும், ஜேசிபி என்று பெயர்.

சரி, சீரியஸாகவே சொல்கிறேன். உங்கள் ஆபீஸ்காரர் சொன்னதில் என்ன தவறு? தென்னிந்தியா பழைய கெட்டிப் பாறை. பூமியின் மேலோடு பிரிந்து கிடக்கும் பெரிய தட்டுகளின் விளிம்பு இங்கே இல்லை. எல்லாக் கூத்தும் இமயமலையிலும் அந்தமானிலும்தான்.

பாறைப்பித்தன்

சுமதி மேடம், உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. நான் பணி ஓய்வு பெற்றவன், பாறை பார்ப்பதே பிழைப்பாக இருந்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லால்பாக் பாறையின் வயது 300 கோடி ஆண்டு என்பது சரி. ஆனால் லால்பாக் *குன்றின்* வயது அது கிடையாது. நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்தப் பாறைக்குத் தீபகற்ப நைஸ் என்று பெயர். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக, நெளிந்து நெளிந்து இருக்கும். அந்த நெளிவு, பாறை ஒரு காலத்தில் கொதிக்கும் சூட்டில் மெழுகாக இளகிக் கிடந்ததற்கு அடையாளம். தரைமட்டத்தில் அப்படி நடக்காது. பத்து, இருபது கிலோமீட்டர் ஆழத்தில்தான் நடக்கும்.

அப்படியென்றால் அதன் தலைக்கு மேல் ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் பாறை இருந்திருக்க வேண்டும். அது எங்கே போயிற்று? மழையும் காற்றும் ஆறும் அரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. நாம் லால்பாக்கில் ஏறி நின்று செல்ஃபி எடுப்பது ஒரு பழைய நிலத்தின் அடித்தளத்தின் மேல். கூரை போய், மாடி போய், அஸ்திவாரம் மட்டும் வெயிலில் கிடக்கிறது. ஒன்றுமே நடக்காத ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கும்?

"ஏன் கரையவில்லை" என்பதற்கு விடை: கரைந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போது நம் கண்ணில் படுவது, கரைய வேண்டியதில் மிச்சம்.

ஐடி_அகதி

இருபது கிலோமீட்டர் பாறை மழையில் கரைந்ததா? அண்ணே, இதெல்லாம் ஓவர். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் போட்ட கிரானைட் படி அப்படியேதானே இருக்கிறது.

பாறைப்பித்தன்

தம்பி, கணக்குப் போடுங்கள், நீங்கள் கணக்குப் பிள்ளைதானே. பெரிய மலையோ பெரிய அசைவோ இல்லாத கெட்டிப் பாறை நிலத்தில் அரிப்பு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர். உங்கள் வாசற்படியில் உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஆனால் 300 கோடி ஆண்டில் 3000 பத்து லட்சங்கள். ஐந்தால் பெருக்குங்கள். 15,000 மீட்டர், அதாவது 15 கிலோமீட்டர்.

இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில யுகங்களில் அரிப்பு வேகமாக இருந்திருக்கும், சிலவற்றில் நின்றே போயிருக்கும். நிலம் மேல் வந்திருக்கும், கீழ் போயிருக்கும். காலம் என்ற ஒன்று கையில் இருந்தால் அரை மில்லிமீட்டர் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டத்தான் சொன்னேன்.

திருச்செங்கோட்டான்

நான் பாறை படித்தவன் இல்லைங்க, பாறையைத் துளைக்கிறவன். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு பெங்களூரைச் சுற்றிப் பல வருஷம் சுத்தியாச்சு. பெரியவர் சொல்வது எங்களுக்குத் தினமும் பைப் வழியாக வெளியே வருகிறது.

முதலில் செம்மண் வரும். அப்புறம் மஞ்சளும் வெள்ளையுமாகக் களி மாதிரி வரும். அதற்குக் கீழே நறநறவென்று சரளை, கையில் அமுக்கினால் உதிர்ந்துவிடும், ஆனால் பார்க்கப் பாறை மாதிரியே இருக்கும். இது முடிகிற வரைக்கும், மண் சரிந்து துளை மூடாமல் இருக்க, கேசிங் பைப் இறக்கியாக வேண்டும். அதற்கப்புறம்தான் கெட்டிப் பாறை, சாம்பல் நிறப் பொடி பறக்கும். ஒரு சைட்டில் நாற்பது அடியிலேயே கெட்டி தட்டும், நாலு தெரு தள்ளிப் போனால் நூறு அடி தாண்டியும் கேசிங் போய்க்கொண்டே இருக்கும். வீட்டு ஓனர் நாம் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்.

ஒரு சந்தேகம். சில இடத்தில் மெத்தென்ற மண்ணில் போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் பெரிய குண்டுக்கல் சிக்கும். அதைத் தாண்டினால் மறுபடியும் மண். மண்ணுக்குள் அந்தக் கல்லை யார் கொண்டு போய்ப் போட்டது?

பாறைப்பித்தன்

யாரும் போடவில்லை. அது அங்கேயே இருந்தது. சுற்றி இருந்த பாறைதான் மண்ணாகிவிட்டது.

கெட்டிப் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடும். மழைத்தண்ணீர் அந்த விரிசல் வழியாக இறங்கும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு அதில் கரைந்திருப்பதால் லேசான அமிலத்தன்மை இருக்கும். கிரானைட்டிலும் நைஸிலும் அதிகம் இருப்பது பெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அந்தத் தண்ணீர் பட்டுப் பட்டு அது களிமண்ணாக மாறும். உங்களுக்கு வெள்ளையாக வருவது அதுதான். கறுப்பு மைக்காவில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும், அதுதான் செம்மண்ணின் சிவப்பு. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாது, மணலாக மிஞ்சும்.

விரிசல்களுக்கு நடுவே மாட்டிய ஒவ்வொரு கட்டிக்கும் மூலைகளில் மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் தாக்கும், ஓரங்களில் இரண்டு பக்கம், முகங்களில் ஒரு பக்கம். அதனால் மூலை முதலில் போய், கட்டி உருண்டையாகும். அந்த உருண்டைதான் உங்கள் குண்டுக்கல்.

இப்போது சுற்றியிருக்கும் மண்ணை மழை கழுவிக்கொண்டு போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். மைசூர் ரோட்டில் ராமநகரம் தாண்டும்போது ஒன்றன் மேல் ஒன்றாகக் குண்டுக்கல் அடுக்கி வைத்த மாதிரி மலைகள் தெரியுமே, அவை எல்லாம் இப்படி வெளியே வந்தவை. பாறை உள்ளே, மண்ணுக்கடியில் செதுக்கப்பட்டது. மழை வந்து திரையை விலக்கியது, அவ்வளவுதான்.

அந்தப் பாறை லால்பாக் பாறையைவிட இளையது, சுமார் 250 கோடி ஆண்டு. ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட் என்பதால் குளோஸ்பேட் கிரானைட் என்பார்கள். தெற்கு வடக்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. சாவனதுர்கா மலையும் அதில்தான்.

ஐடி_அகதி

பகல் வெயிலில் விரிந்து ராத்திரி குளிரில் சுருங்கித்தான் பாறை உடைகிறது என்று பள்ளியில் படித்தேனே? உங்கள் கணக்கில் எல்லாமே தண்ணீர் வேலையாக இருக்கிறதே.

பாறைப்பித்தன்

அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1936-ல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கிரானைட் துண்டை மாற்றி மாற்றிச் சூடாக்கி, குளிரவைத்து, 244 ஆண்டுகளின் பகல் இரவுக்குச் சமமாக வதைத்துப் பார்த்தார். காய்ந்த நிலையில் பாறையில் ஒரு மாற்றமும் இல்லை. குளிரவைக்கும்போது தண்ணீரைச் சேர்த்ததும் சீக்கிரமே விரிசல் கண்டது. வெயிலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் வந்தவர்கள் வெயிலுக்கும் கொஞ்சம் மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் தலைமைக் கொத்தனார் தண்ணீர்தான்.

சாவனதுர்காவிலும் லால்பாக்கிலும் பாறை தோல் தோலாக உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு கதை. மேலே கிலோமீட்டர் கணக்கில் அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியதும் பாறை மேல்நோக்கி விரியும். விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கும்.

ஓசூர்_கலா

நான் ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து போகிறவள். ஒரு கேள்வி. மேலே இருந்த பாறை எல்லாம் அரிந்து போனது என்றால் நிலம் தாழ்ந்து கடல் மட்டத்துக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறதே. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி இறங்கும்போது காது அடைக்கிறது!

பாறைப்பித்தன்

இந்தக் கேள்வியைக் கல்லூரி மாணவர்கள்கூடக் கேட்பதில்லை அம்மா.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பீர்கள். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்க இறங்கப் பரிசல் மேலே எழும்பும். பூமியின் மேலோடும் அடியில் உள்ள அடர்த்தியான பாறையின் மேல் அப்படித்தான் மிதக்கிறது. மேலோட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு, அடியில் இருப்பது 3.3 மடங்கு. ஆகையால் மேலே 1000 மீட்டர் பாறை அரிந்து போனால், நிலம் சுமார் 800 மீட்டர் எழும்பிவிடும். உண்மையில் தரை தாழ்வது 200 மீட்டருக்கும் குறைவு. அரிக்க அரிக்க அடியிலிருந்து புதிதாகப் பாறை வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்துப் பாறையைக் குழி தோண்டாமலே தொட முடிகிறது.

நீங்கள் இறங்கும் கிருஷ்ணகிரிப் பாதையில் இன்னொரு வேடிக்கை. கர்நாடகத்தின் இந்தப் பழைய மேலோடு லேசாகச் சாய்ந்து அரிந்திருக்கிறது. வடக்கே போகப் போக ஆழம் குறைந்த பாறை, தெற்கே வர வர இன்னும் ஆழத்தில் வெந்த பாறை. பெல்லாரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் காரில் வந்தால், மேலோட்டுக்குள் பல கிலோமீட்டர் கீழே இறங்கி வந்த மாதிரிதான் கணக்கு.

மாரிக்குப்பம்_பாபு

எங்கள் கேஜிஎஃப்-ஐ, அதாவது கோலார் தங்க வயலை, விட்டுவிட்டீர்களே. பாறைக்குள் நிஜமாகவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கியவர்கள் எங்கள் தாத்தாக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழம். அந்த ஆழத்தில் பாறை சும்மா இருக்காது. திடீரென்று வெடிக்கும், ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே ஊரில் பாத்திரம் குலுங்கும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் பாட்டி வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுமாம், எந்த ஷிஃப்ட் என்று பார்க்க. கெட்டிப் பாறை அமைதியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும்.

மகளுக்குச் சொல்லுங்கள், மண் அரிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊர் சயனைடு மேடுகளைப் பார்க்கலாம். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பொடியைக் கொட்டிக் கொட்டியே மலையாக்கியது, மூன்று கோடி டன்னுக்கும் மேல். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், மேடு மட்டும் நிற்கிறது. மழை பெய்து பெய்து அதன் சரிவு முழுக்க ஓடை ஓடையாகக் கிழிந்து கிடக்கிறது. கோடைக் காற்றில் அந்தப் பொடி கிளம்பி வீட்டுக்குள் வரும். துணி காயப்போட முடியாது.

பாறைப்பித்தன்

பாபு தம்பி சொன்ன மேடு அருமையான உதாரணம். செடி இல்லை, கெட்டித்தன்மை இல்லை, சரிவு செங்குத்து. கெட்டிப் பாறையில் லட்சக்கணக்கான ஆண்டு எடுக்கும் வேலை அங்கே சில பத்தாண்டில் நடக்கிறது. ஆனால் மேடம், அந்தப் பொடியில் நச்சு இருக்கும், பிள்ளையைக் கிட்டே கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுத்தால் போதும்.

எரிமலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கோலாரின் தங்கம் கிடக்கும் கறும்பாறையே பழைய எரிமலைக் குழம்பிலிருந்து வந்ததுதான், சுமார் 270 கோடி ஆண்டுக்கு முந்தையது. சித்ரதுர்கா பக்கம் மாரடிஹள்ளியில் கடலுக்கடியில் கக்கிய குழம்பு தலையணை தலையணையாக உறைந்து கிடக்கிறது. உடுப்பிக்கு மேற்கே மால்பே கடலில் செயின்ட் மேரீஸ் தீவு, தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறை. அது 8.8 கோடி ஆண்டு, மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்த சமயம். இவற்றில் எதுவும் இப்போது கொதிக்கவில்லை, உண்மைதான்.

ஐடி_அகதி

அதைத்தான் நானும் சொல்கிறேன்! எல்லாம் "ஒரு காலத்தில்". இப்போது நடப்பது என்ன? அரை மில்லிமீட்டர். பெங்களூர்க்காரன் பயப்பட ஒன்றும் இல்லை.

பாறைப்பித்தன்

கில்லாரி நினைவிருக்கிறதா? மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம். அதுவும் தட்டின் விளிம்பு இல்லை, நம்மைப்போலவே பீடபூமியின் நடு. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, ஊர் தூங்கும்போது, 6-க்குச் சற்று மேற்பட்ட அளவில் நிலநடுக்கம். ஏறத்தாழ பத்தாயிரம் உயிர். கோயம்புத்தூரிலேயே 1900 பிப்ரவரியில் பெரிய அதிர்ச்சி வந்திருக்கிறது. இந்தியத் தட்டு இன்னும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போய் ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் தட்டு முழுவதற்கும் பரவும். பழைய விரிசல் எங்காவது ஒரு நாள் வழுக்கும்.

பெங்களூருக்கு ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறைவுக்கும் இல்லைக்கும் உள்ள தூரம் பத்தாயிரம் பேர்.

வேகத்துக்கு இன்னொரு உதாரணம் வேண்டுமா? 2004 டிசம்பர் 26 காலையில் சில நிமிடங்களில் நிகோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அதே நாளில் வடக்கு அந்தமான் ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன.

நெறியாளர்

"கேஜிஎஃப்" என்றதும் சினிமா பேச ஆரம்பித்த ஆறேழு பதிவுகளை நீக்கிவிட்டேன். தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

ஓசூர்_கலா

நிலநடுக்கத்தை விடுங்கள், மழையே போதுமே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1,68,000 கன அடி திறந்தார்கள். திருவண்ணாமலையில் மலைச் சரிவு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள். அதுவும் கெட்டிப் பாறை மலைதானே? அது எப்படிச் சரிந்தது? அன்றிலிருந்து இது என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பாறைப்பித்தன்

திருச்செங்கோட்டார் மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். மண், களி, சரளை, நடுவில் குண்டுக்கல், அடியில் கெட்டிப் பாறை. அதையே சமதளத்திலிருந்து தூக்கி மலைச்சரிவில் சாய்த்து வையுங்கள். அதுதான் அந்த மலை.

சாதாரண நாளில் மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கும், ஆனால் அடியில் கெட்டிப் பாறை, அதற்கு மேல் இறங்க வழி இல்லை. மண்ணுக்கும் பாறைக்கும் இடையில் தண்ணீர் தேங்கி, துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறும். பிடி தளரும். மண்ணின் எடையும் கூடிவிட்டது. ஒரு கட்டத்தில் மொத்தமும் கிளம்பும், அதுவரை மண்ணில் புதைந்து கிடந்த குண்டுக்கல்லையும் உருட்டிக்கொண்டு. பாறை சரியவில்லை. பாறை மேல் படுத்திருந்த சிதைவு சரிந்தது.

அதே ஆண்டு ஜூலை 30 வயநாட்டில் நடந்ததும் இதே வகைதான், ஆனால் அளவு பயங்கரம். 1,550 மீட்டர் உயரத்தில் கிளம்பிய சரிவு, சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்தது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களில் இடிபாடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது தெரிந்தது. முண்டக்கையும் சூரல்மலையும் அந்த ஓட்டத்தின் பாதையில் இருந்தன.

ஐடி தம்பி, மெதுவான வேலையும் வேகமான வேலையும் வேறு வேறு இல்லை. லட்சம் ஆண்டு மெதுவாகப் பாறையை மண்ணாக்கி அடுக்கி வைக்கிறது. ஒரு ராத்திரி அதை எடுத்துக்கொண்டு போகிறது. ராத்திரியை மட்டும் செய்தித்தாளில் போடுகிறார்கள்.

ஐடி_அகதி

சரிண்ணே, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. ஆனால் ஜேசிபியை நான் விட மாட்டேன். ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாயை மூடி, ஏரியை நிரப்பி, பள்ளத்தாக்கில் டெக் பார்க் கட்டினோம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் டிராக்டரில் ஆபீஸ் போனேன். அதுவும் நிலத்தை மாற்றும் சக்திதானே?

பாறைப்பித்தன்

விட வேண்டாம், அது பிராஜெக்ட்டில் கண்டிப்பாக வர வேண்டும். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து அரிப்பதைவிட மனிதர் ஆண்டுதோறும் பெயர்க்கும் மண்ணும் பாறையும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பாடத்தில் "இயற்கைச் சக்தி" என்று கேட்டிருப்பதால் கடைசிப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள்.

ஜெயநகர்_சுமதி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. மகளும் உட்கார்ந்து படித்தாள். இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாள். காற்றுக்கு உதாரணமே வரவில்லையே? பனியாறு நம் நாட்டின் இந்தப் பக்கம் எப்போதாவது இருந்ததா?

பாறைப்பித்தன்

பனியாறுக்குச் சுருக்கமான பதில். ஒடிசாவில் தால்சேர் என்ற இடத்தில் பனியாறு இழுத்து வந்து போட்ட கல் அடுக்குகள் இருக்கின்றன, சுமார் 30 கோடி ஆண்டுப் பழையவை. அப்போது இந்தியா தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பெங்களூர் பக்கம் காட்ட ஒன்றும் இல்லை.

காற்றுக்குத் தலக்காடு போங்கள். மைசூர் பக்கம், காவிரிக் கரை. கங்கர்களின் தலைநகர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் பிடித்தார்கள், அப்புறம் ஹொய்சாள விஷ்ணுவர்த்தனன். இப்போது ஊரின் பழைய பகுதி மணல்மேட்டுக்கு அடியில். கோயில்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், படி இறங்கித்தான் போக வேண்டும்.

மாரிக்குப்பம்_பாபு

மைசூர் ராஜாவுக்கு அலமேலம்மா என்ற பெண் விட்டதாகச் சொல்லும் சாபம்! தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாவுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும். எங்கள் பக்கம் கன்னடக்கார நண்பர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

பாறைப்பித்தன்

அதேதான். அந்தச் சாபத்தை நான் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் அதில் ஒரு ஆற்று வளைவின் முழுப் பாடமும் இருக்கிறது. தலக்காட்டில் காவிரி சட்டென்று வளைகிறது. வளைவில் தண்ணீர் வெளிப்பக்கம் வேகமாகப் போய்க் கரையை அரித்து ஆழமாக்கும், அங்கே மடு. உள்பக்கம் வேகம் குறையும், சுமந்து வந்த மணலைப் போட்டுவிடும். ஒரு ஊர் மணலாவதும் பக்கத்து ஊர் மடுவாவதும் ஒரே ஆற்றின் ஒரே வேலை.

ஆனால் மணல் ஆற்றில் கிடந்தால் கோயில் புதையாது. கோடையில் தண்ணீர் வற்றி, காய்ந்த மணல் வெளியே தெரிய வேண்டும். அப்புறம் தென்மேற்குக் காற்று அடிக்க வேண்டும். இரண்டும் அங்கே அமைந்திருக்கின்றன. விஜயநகரக் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில், மேலே ஒரு தடுப்பணை கட்டியபின் ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் அதிகம் வெளிப்பட்டது, அதனால்தான் காற்றுக்கு இவ்வளவு மணல் கிடைத்தது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது. ஜேசிபி வருவதற்கு அறுநூறு ஆண்டு முன்பே ஆரம்பித்துவிட்டோம், ஐடி தம்பி.

ஓசூர்_கலா

இன்னும் ஒன்றே ஒன்று. பெங்களூரில் அரியும் மண் கடைசியில் எங்கே போகிறது?

பாறைப்பித்தன்

பெங்களூர் ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்குப் பக்கத்து மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதி, அங்கிருந்து காவிரி. கிழக்குப் பக்கம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணை. நந்தி மலையில் பிறக்கும் அதே ஆறுதான் உங்கள் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் எல்லாம் தாண்டிக் கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது. ஆக, ஜெயநகர் மாடியில் கழுவிய செம்மண் கடலூர்க் கடற்கரைக்குப் போக வேண்டியது. இப்போது பெரும்பகுதி போவதில்லை. வழியில் அணைகளில் வண்டலாகத் தங்கிவிடுகிறது. அணையின் கொள்ளளவு குறைகிறது, கடற்கரைக்கு வர வேண்டிய மணல் வராததால் அலை கரையைத் தின்கிறது.

திருச்செங்கோட்டான்

அப்போ அந்தச் சரளை மண் இனி உருவாகாதுங்களா, போனது போனதுதானா?

பாறைப்பித்தன்

உருவாகும். நீங்கள் துளைக்கிற இடத்தில், கேசிங் முடிகிற ஆழத்தில், இப்போதும் பாறை மண்ணாகிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம்தான் பொருந்தாது. ஒரு அங்குல மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டு ஆகும், அஸ்திவாரம் தோண்டுகிறவர் அதை ஒரே மதியத்தில் லாரியில் ஏற்றிவிடுவார்.

ஜெயநகர்_சுமதி

முடிவாகிவிட்டது. லால்பாக் ஒரு பக்கம், ராமநகரம் ஒரு பக்கம், தலக்காடு இரண்டு பக்கம், ஐடி_அகதியின் ஜேசிபி கடைசிப் பக்கம். திருவண்ணாமலை வேண்டாம் என்று நான் சொன்னேன், அதுதான் முதலில் வர வேண்டும் என்கிறாள். தலக்காட்டில் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?

பாறைப்பித்தன்

பிள்ளை சொல்வதுதான் சரி, முதலில் போடுங்கள்.

தலக்காட்டில் மூன்று விஷயம். ஒரு கைப்பிடி மணலை எடுத்து லென்ஸில் பார்க்கட்டும், பெரும்பாலும் கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ்தான் இருக்கும், பெல்ட்ஸ்பார் எங்கே காணாமல் போனது என்று அவளே எழுதலாம். மணல்மேட்டின் எந்தப் பக்கம் சாய்வாக இருக்கிறது, எந்தப் பக்கம் செங்குத்து என்று திசைகாட்டி வைத்துக் குறிக்கட்டும், காற்று எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். மரம் இருக்கும் மேட்டையும் வெறும் மேட்டையும் ஒப்பிட்டுப் படம் எடுக்கட்டும். மழைக்கு மறுநாள் போகாதீர்கள், ஈர மணல் நகராது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், மணல் காலைச் சுடும்.